பொதுக் கோப்பில் சிவப்பு எழுத்து

தமிழய்யா குழந்தைவேல், ஆசிரியர் பயிற்சி மையத்துக்குள் நுழையுமுன்னே அவர் குரல் நுழைந்துவிட்டது.

"ஜெபக்கனி டீச்சர்! உங்க பொதுக் கோப்பு செத்துப் போச்சு. வந்து பாருங்க."

ஜெபக்கனிக்கு முப்பத்தொரு வயது. அவருக்கு ஐம்பத்தாறு. ஆனால் அந்த வட்டாரத்து ஆசிரியர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். ஆகவே அவள் குரு, அவர் சீடர். அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. சந்தேகம் வந்தால் பஸ் பிடித்து வந்து நிற்பார்.

பதினோரு பள்ளிக்கூடம், நாற்பத்தொரு ஆசிரியர்கள். அவரவர் இடத்திலிருந்தே கணினியில் ஒரே கோப்பைத் திறந்து, பாடம் நடத்திய விதத்தை எழுதலாம். மற்றவர் எழுதியதற்குப் பக்கத்தில் குறிப்பும் போடலாம். ஜூன் மாதம் எல்லோரும் எழுதிக் குவித்தார்கள். இப்போது மூன்று வாரமாக ஒரு வரி இல்லை.

"ஏன் எழுத மாட்டேங்கிறாங்க? ஒரு உத்தரவு போடுங்க. ஆளுக்கு வாரம் மூணு பத்தி."

"போட மாட்டேன் அய்யா."

"சரி, ரெண்டு."

அவள் சிரித்தாள்.

"ஒண்ணு! அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

"அது கெடக்கட்டும். இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கீங்களே, உங்களுக்கு என்ன அவசரம்?"

குழந்தைவேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணக்கு ஆசிரியர் மாறுதலில் போனதிலிருந்து ஆறாம் வகுப்புக் கணக்கு அவர் தலையில் விழுந்திருந்தது. நேற்று அரையைக் காலால் வகுத்து, இரண்டு என்று பலகையில் எழுதினார். புத்தகத்தில் உள்ள விதிப்படி சரி. முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். 'வகுத்தா கொறையணுமே அய்யா, இது எப்படிக் கூடுச்சு?'

அவருக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். இன்று வெள்ளி.

"முப்பது வருஷத்துல பிள்ளைங்ககிட்ட சொன்ன சொல் தவறினதில்ல டீச்சர்." குரல் இறங்கியிருந்தது.

"அப்ப இதைக் கோப்புல எழுதுங்க."

"நாப்பத்தொரு பேரும் பார்ப்பாங்களே!"

"ஆமா."

முறைத்தார். பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். 'அரையைக் காலால் வகுத்தால் விடை ஏன் பெரிதாகிறது? விளக்க வேண்டுகிறேன்.'

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கேள்விக்குக் கீழே ஒரு சிறு கோடு மினுங்கியது. அதன் தலையில் எழுத வந்தவர் பெயர்: பொன்மலர். மலையடிவாரப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள்.

'அய்யா, அரை ரொ' என்று எழுத்துகள் வந்தன. நின்றன. அழிந்தன. மறுபடி வந்தன. மறுபடி அழிந்தன. கோடு மறைந்துவிட்டது.

"ஏன் அழிக்கிறா? எனக்கு அதுதானே வேணும்!" என்று மேசையைத் தட்டினார் குழந்தைவேல்.

ஜெபக்கனி கோப்பை மேலே நகர்த்தி, ஜூன் மாதத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். பொன்மலர் எழுதிய பாடக்குறிப்பு. அதன் ஓரத்தில் சிவப்பில் ஒரு வரி: 'பேச்சு வழக்கு மிகுதி. கவனம் தேவை. 4/10. கு.வே.'

இன்னும் நகர்த்தினாள். ஒவ்வொருவர் எழுதியதற்குப் பக்கத்திலும் சிவப்பு. ஒவ்வொன்றிலும் மதிப்பெண். தலைமையாசிரியர் ஒருவருக்கு மட்டும் ஏழரை.

"திருத்தத்தானே செஞ்சேன்? எழுதினது முன்னால வந்தா திருத்தாம எப்படி..." பாதியில் நிறுத்திக்கொண்டார். அவசர அவசரமாகச் சுட்டியைப் பிடித்தார். "எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

"அவங்கல்லாம் படிச்சாச்சு அய்யா."

கை அப்படியே நின்றது. குழந்தைவேல் தன் கேள்வி இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தார். சிவப்பைத் தேர்ந்தெடுத்தார். கேள்வியின் ஓரத்தில், யாரும் சொல்லாமலே, எழுதினார்: 'விடை தெரியவில்லை. 0/10. கு.வே.'

கோடு மினுங்கியது. பொன்மலர்.

'அய்யா சிரிச்சிட்டேன். கோவிச்சுக்காதீங்க. அரை ரொட்டிய எடுத்துக்கிட்டு வகுப்புக்குப் போங்க. கால் ரொட்டி அளவுல துண்டு போட்டா எத்தன துண்டு வரும்னு கேளுங்க. ரெண்டுன்னு அவங்களே சொல்வாங்க. துண்டுதான் ரெண்டு, ரொட்டி அதே அரைதான். அப்புறம் பாருங்க'

குழந்தைவேல் பாதி எழுந்துவிட்டார். "அட, இவ்வளவுதானா! துண்டைத்தான் எண்ணுறோம்! திங்கட்கிழமை ரொட்டியோட போறேன்."

மறுபடி உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படித்தார். அவர் கை தன்பாட்டில் சிவப்பின் பக்கம் நகர்ந்தது.

"டீச்சர், இப்பவும் பேச்சு வழக்குலதான் எழுதியிருக்கா."

"அவங்க இன்னும் எழுதி முடிக்கல அய்யா."