போர்வையில் தைத்த முக்கோணம்

அலபாமாவின் செம்மண் பூமியில், பைன் மரங்களுக்கு நடுவே, கறுப்பின மக்களுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அடிமைத்தனம் ஒழிந்து நாற்பது வருஷம் ஆகியிருந்த காலம். படிக்க வந்தவர்களே அங்கே செங்கல் அறுத்தார்கள், சூளை போட்டார்கள், சுவர் எழுப்பினார்கள். பிறகு அந்தச் சுவருக்குள் உட்கார்ந்து படித்தார்கள். கல்லூரியின் முதல்வர் பெயர் டார்கஸ் பெட்வே. எல்லோருக்கும் அவர் டார்கஸ் அம்மா.

அமோஸ் அவரிடம் படித்தவன். வடக்கே போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு, கணக்கு வாத்தியாராகத் திரும்பி வந்திருந்தான். வந்த முதல் வாரமே அவனுக்குக் குழப்பம் பிடித்துக்கொண்டது.

காரணம், விருந்தாளி மணி.

வடக்கிலிருந்து வெள்ளைக்காரக் கனவான்கள் அவ்வப்போது கல்லூரியைப் பார்வையிட வருவார்கள். நன்கொடை தருகிறவர்கள். கறுப்பர்கள் தச்சும் தையலும் சமையலும் கற்றுக்கொண்டால் அவர்களுக்குப் பரம திருப்தி. லத்தீன், வடிவியல் என்றால் முகம் சுருங்கிவிடும். இவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பார்கள். ஆகவே அவர்கள் வரும் குதிரை வண்டி தெருமுனையில் திரும்பியதுமே சமையற்கட்டு மணி அடிக்கும். புத்தகமெல்லாம் அழுக்குத் துணிக் கூடைக்குள் போய்விடும். அழுக்குத் துணிக்குள் எந்தக் கனவான் கையை விடப்போகிறார்? வண்டி வாசலுக்கு வந்து சேர்வதற்குள் வகுப்பு மொத்தமும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும். மற்ற எந்தப் பாடத்தையும்விட இதில்தான் மாணவர்கள் கெட்டி.

படிக்கிற காலத்தில் அமோஸுக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. வாத்தியாரான பிறகு சிரிப்பு வரவில்லை. நேரே டார்கஸ் அம்மாவிடம் போனான். அவர் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, நாம இங்க சொல்லிக்கொடுக்கிறது எது? காட்டுறதா, மறைக்கிறதா?”

“ரெண்டையும் ஒழுங்கா சொல்லிக்கொடு.”

“ஒழுங்கா பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“ஒழுங்கா தைக்கச் சொல்லிக்கொடுன்னு சொன்னேன்.”

இது பதிலா, தட்டிக்கழிப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

இலையுதிர் காலத்தில் விட்லாக் என்ற மர வியாபாரி வந்தார். சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூரை போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தவர். மணி அடித்தது. புத்தகம் கூடைக்குள் போனது. ஊசியும் நூலும் வெளியே வந்தன. அமோஸ் கரும்பலகையை மட்டும் அழிக்க மறந்துவிட்டான். அதில் ஒரு செங்கோண முக்கோணமும், அதன் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஒரு சதுரமும் இருந்தன. இரண்டு சின்னச் சதுரமும் சேர்ந்தால் பெரிய சதுரத்துக்குச் சமம் என்று காட்டுவதற்காக உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வேறு.

விட்லாக் பலகையின் முன்னால் நின்றார்.

“இது என்ன, டார்கஸ்?”

ஊரே அம்மா என்று கூப்பிடுகிறவரை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

“போர்வைக்கு மாதிரி வரைஞ்சிருக்காங்க, ஐயா. துண்டுத் துணியை வெட்டி, இந்தக் கோட்டுப்படி சேர்த்துத் தைக்கிறது.”

“நல்லா இருக்கே. எனக்கு ஒண்ணு தைச்சு அனுப்பு.”

அவர் போன பிறகு அமோஸ் குமுறினான். “ரெண்டாயிரம் வருஷமா உலகம் படிக்கிற பாடம், அம்மா. அதைப் போய்ப் போர்வைன்னு சொல்லிட்டீங்களே.”

“சொல்லியாச்சு. இனி தைக்கணும்” என்றார் டார்கஸ் அம்மா. “அளவு ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது. தப்பும் தவறுமா அனுப்பினா நமக்குத்தான் அசிங்கம்.”

வகுப்பே உட்கார்ந்து தைத்தது. சின்னச் சதுரங்களுக்கு நீலத் துணி. அதே அளவு நீலத் துணியை இன்னொரு முறை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டிப் பெரிய சதுரத்தில் பொருத்தினார்கள். இடம் மிஞ்சவில்லை, துணியும் மிஞ்சவில்லை. பலகையில் பார்த்தபோது தலையைச் சொறிந்தவர்கள்கூட அன்றைக்குச் சட்டென்று புரிந்துகொண்டார்கள். அமோஸுக்கு ஒருபக்கம் சந்தோஷம், ஒருபக்கம் அவமானம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியாமல் போர்வையை மடித்து அனுப்பிவைத்தான்.

வசந்தத்தில் விட்லாக் மறுபடி வந்தார். இந்த முறை முகத்தில் சிரிப்பில்லை. வந்த வேகத்தில் வகுப்புக்குள் நுழைந்தார்.

“என் மகன் காலேஜ்ல படிக்கிறான். என் கட்டில்ல இருந்த போர்வையைப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். அது போர்வை இல்லையாம், வடிவியல் பாடமாம். அப்படியா, டார்கஸ்?”

ஊசி பிடித்திருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. கூரை, கல்லூரி, வகுப்பு எல்லாம் அந்த ஒரு பதிலில் தொங்குவது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

“குளிருக்கு அடக்கமா இருந்துச்சா, ஐயா?” என்று கேட்டார் டார்கஸ் அம்மா.

விட்லாக் யோசித்தார். “இருந்துச்சு. அதுல குறை சொல்ல முடியாது.”

“அப்ப போர்வைதான்.”

விட்லாக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவிப் பெண்பிள்ளை, இவளுக்கு என்ன தெரியும் என்கிற சிரிப்பு. அவர் சிரித்து முடித்துவிட்டால் விஷயம் முடிந்தது. மாணவர்கள் மூச்சு விட்டார்கள். அமோஸுக்கு அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டான்.

“அது பாடந்தான், ஐயா. நான்தான் நடத்தினேன். இங்க இருக்கிற யாரை வேணும்னாலும் கேளுங்க, நிரூபிச்சுக் காட்டுவாங்க.”

சிரிப்பு நின்றது. விட்லாக் டார்கஸ் அம்மாவைப் பார்த்தார். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. டார்கஸ் அம்மா வாய் திறக்கவில்லை. விட்லாக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

“கூரையை நீங்களே பார்த்துக்கோங்க.”

வண்டி போய்விட்டது. வகுப்பில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அமோஸ் அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினான். கட்டிய பெட்டியோடு டார்கஸ் அம்மாவின் முன்னால் வந்து நின்றான்.

“என்னைப் போகச் சொல்லிடுங்க, அம்மா.”

“யாரும் சொல்லாமயே பெட்டி கட்டியாச்சு போல.”

“ஒண்ணு மட்டும் கேட்கணும். கோணலா தைச்சு அனுப்பியிருந்தா அந்தப் பையனுக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன் அளவு பிசகக் கூடாதுன்னு சொன்னீங்க?”

“கோணலா தைக்க எனக்கு வராது.”

அவனுக்கு இன்னும் குழம்பியது. பொய் சொல்லத் தெரிந்தவருக்குக் கோணலாகத் தைக்க வராதாம்.

டார்கஸ் அம்மா நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை. அவர் சொல்ல ஆரம்பித்தார்.

“நான் அடிமையா இருந்த பண்ணையில மிண்டான்னு ஒருத்தங்க இருந்தாங்க. துணி வெளுக்கிறவங்க. எங்களுக்குத் துவைக்கக் கத்துத்தரேன்னு ஓடைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்க ஈர மணல்ல எழுத்துப் போட்டுக் காட்டுவாங்க. அடிமை எழுத்துச் சொல்லிக்கொடுத்தா அப்பல்லாம் சவுக்கடி. ஒருநாள் எசமானி வந்து நின்னா. இங்க என்ன நடக்குதுன்னு கேட்டா.”

“என்ன சொன்னாங்க?”

“துவைக்கிறோம்னு சொன்னாங்க. சொல்லும்போதே கால் மணலை அழிச்சிட்டு இருந்துச்சு.”

“நீங்க என்ன பண்ணினீங்க?”

“எனக்கு ஏழு வயசு. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவங்க பொய் சொல்றாங்களேன்னு அழுதேன்.”

அமோஸ் பெட்டியைக் கீழே வைத்தான்.

“மிண்டா அம்மா உண்மையைச் சொல்லியிருந்தா அவங்க முதுகுத் தோல் போயிருக்கும். இந்தக் கல்லூரியை ஆரம்பிச்சப்ப நான் சொல்லியிருந்தா, முதல் செங்கல்லோட எல்லாம் போயிருக்கும். இன்னைக்கு நீ சொன்னே.”

“கூரை போச்சு” என்றான் அமோஸ். “நான் செஞ்சது சரியா தப்பா, அம்மா? அதை மட்டுமாவது சொல்லுங்க.”

டார்கஸ் அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, பெருமையா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

“அது எனக்கும் தெரியல, அமோஸ். நீ உண்மையைச் சொல்லியும் கல்லூரி போகல, கூரையோட நின்னுபோச்சே, நான் இன்னும் அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்.”