முந்திரிக்கொட்டையும் தாழ்ப்பாள்காரியும்

ஒரு தலைக்குள் ஒரு குட்டி வீடு இருந்தது. மருத்துவர்கள் அதை மூளைச் செல் என்பார்கள். தலைக்குச் சொந்தக்காரி பிளஸ் ஒன் படிக்கும் மதிவதனி. பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரையைப் பார்க்காமல் சொல்ல வேண்டுமே என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

அந்த வீட்டில் மரபணுக்கள் குடியிருந்தார்கள். பாதிப் பேர் எப்போதும் தூக்கம்தான். எழுப்பினால்தான் எழுவார்கள், எழுந்தவருடைய வேலை மட்டும்தான் நடக்கும். வாசல் மணி அடித்ததும் முதலில் துள்ளி எழுகிறவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவன் போய்த் தச்சனை எழுப்புவான். வந்த விருந்தாளிக்கென்று தச்சன் ஒரு புதுக் கதவு வைப்பான். மதிவதனி படித்த வரி மனத்தில் தங்குவது அப்படித்தான். கதவுகள் அதிகமானால் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது தாழ்ப்பாள்காரியின் வேலை.

ஒரு நாள் ஒத்திகையின் நடுவே அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மணியடித்தன. வெளியே மதிவதனி வலிப்பு வந்து விழுந்தாள். உள்ளே இருந்த முந்திரிக்கொட்டைக்கு அது எங்கே தெரியும்? ஊரே விருந்துக்கு வந்துவிட்டது என்று தலைகால் புரியாமல் ஓடி, தச்சனை விரட்டி விரட்டிக் கதவுகள் வைக்கச் சொன்னான். அவன் போட்ட கூச்சலில் விழித்துத் தாழ்ப்பாள்காரியும் சுத்தியலோடு வந்து நின்றாள். விருந்து நேரத்தில் தாழ்ப்பாள் எதற்கு என்று அவளைத் தூங்க அனுப்பிவிட்டான்.

கதவுகள் பெருகின; சாத்தத்தான் வழியில்லை. அடுத்த முறை ஒரு சின்னச் சலசலப்பே உள்ளே புகுந்து பெரிய ஆர்ப்பாட்டமாகிவிட்டது. மதிவதனி மறுபடி விழுந்தாள். கண் விழித்ததும் அழுதாள்.

"நேத்துப் படிச்சது ஒரு வரிகூட ஞாபகமில்லம்மா. நான் மேடை ஏறமாட்டேன்."

அந்த அழுகை உள்ளேயும் கேட்டது. ஓடிக்கொண்டிருந்த முந்திரிக்கொட்டை அப்படியே நின்றான். தாழ்ப்பாள்காரி போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"வந்தது விருந்தில்லடா, இடி. இடிக்கு யாராச்சும் வாசல் வைப்பாங்களா?"

பிறகு தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை வந்தது. அது மணிகளின் நாக்கில் துணியைச் சுற்றிவிட்டுப் போகும். கிடைத்த அமைதியில் முந்திரிக்கொட்டை வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்தான். முந்திக்கொண்டு எழுவது பிறவிக் குணம், அதை மாற்ற முடியாது. ஆனால் எழுந்த பிறகு யார் கட்டிலைத் தட்டுவது என்று கொஞ்சம் பார்க்கலாமே.

ஆண்டு விழா வந்தது. விளக்கு வெளிச்சமும் கைதட்டலும் சேர்ந்து, துணி சுற்றியும் மணிகள் லேசாக அதிர்ந்தன. வழக்கம்போல அவன்தான் முதலில் எழுந்தான். தச்சனின் கட்டிலைத் தாண்டி ஓடினான்.

"அக்கா, எழுந்திரு. பாதிக் கதவைச் சாத்தணும்."

அவள் சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுத்தாள்.

மேடையில் மதிவதனி ஒரு கணம் தயங்கினாள். பிறகு வந்திருந்தவர்களை எல்லாம், ஒரு பெயர்கூட விடாமல், வருக வருக என்று வரவேற்றாள்.