கொம்பையாவின் இடது புருவம்

ஓணாங்குளத்துக் கொம்பையாவுக்கு நாற்பது வயசில்தான் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண்ணின் அப்பா சங்கிலிப்பூதம், பெண்ணின் போட்டோவும் அவள் கையால் சுட்டது என்று முறுக்கும் கொடுத்தனுப்பி, மாப்பிள்ளையை நேரில் பார்க்கப் பதினைந்து நாளில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். கொம்பையா கண்ணாடியைப் பார்த்தான். நெற்றியில் மூணு கோடு, கன்னத்தில் ஒரு கரும்புள்ளி. டவுனில் பத்து வயசு குறைக்கிறோம் என்று போர்டு போட்டிருந்த இடத்துக்குப் போய், நெற்றிக்கு ஊசியும் கன்னத்துக்கு லேசரும் வைத்துக்கொண்டு வந்தான்.

கோடு போனது வாஸ்தவம். கூடவே இடது புருவம் ஏறி நடு நெற்றியில் உட்கார்ந்துகொண்டது. கரும்புள்ளி வெள்ளைப்புள்ளி ஆனது. யார் எதைச் சொன்னாலும் நம்பாத மாதிரி ஒரு முகம்.

"வெண்டைக்காய் இன்னிக்குப் பறிச்சதுதான்" என்றாள் காய்க்காரி. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நேத்துப் பறிச்சது" என்றாள்.

கூட்டாளிகள் பூவலிங்கமும் உச்சிமாகாளியும் கூடி யோசித்தார்கள்.

"வலது புருவத்தையும் ஏத்திட்டா சமமாயிரும்லா" என்றான் உச்சிமாகாளி.

"ரெண்டும் ஏறினா பயந்தவன் மாதிரி இருப்பாம்ல. கல்யாணத்துக்கு முன்னாலயே பயந்தா பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்றான் பூவலிங்கம்.

கடைசியில், பிறர் கெடுத்ததைச் சரிபண்ணுகிற ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். ஊசிக்கு முந்தின போட்டோ வேண்டும் என்று அந்தம்மா போனிலேயே சொல்லியிருந்தார். மூணு பேரும் மரியாதையாக நீட்டினார்கள். கொம்பையா ஒன்பது மாதக் குழந்தையாக, ஒட்டுத்துணி இல்லாமல் குப்புறப் படுத்து எடுத்தது.

"இதுல புருவமே இல்லையேப்பா."

"அதான் டாக்டரம்மா, அப்ப ஒரு தொந்தரவும் இல்ல. இதே மாதிரி ஆக்கிருங்க. மீசை மட்டும் இருக்கட்டும்" என்றான் கொம்பையா.

அந்தம்மா போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊசி போட்டார். "புருவம் இறங்கப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். நாலு மணி நேரம் தலையைக் குனியாதீங்க. முகத்துல வெயில் படக்கூடாது. கையால தொடவே கூடாது."

ஊருக்கு வந்தால் கொம்பையா வீட்டு வாசல்நிலை குட்டை. குனியாமல் உள்ளே போக முடியாது.

"நிலையை உடைப்போமா?" என்றான் உச்சிமாகாளி.

"வீடு விழுந்திரும்ல. தரையைத் தோண்டு."

தோண்டினார்கள். வெயில் படாமலிருக்க, கொம்பையா தலையில் கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தைக் கவிழ்த்து முற்றத்தில் நிறுத்தினார்கள். குழி முடியவும் நாலு மணி நேரம் முடியவும் சரியாக இருந்தது. தோண்டினது வீணாக வேண்டாம் என்று அதில் இறங்கித்தான் உள்ளே போனான். பஞ்சாரத்தை எடுத்தால், ஓட்டை இருந்த இடமெல்லாம் முகம் கட்டம் கட்டமாகக் கறுத்திருந்தது.

குழியை மூட யாரும் சொல்லவில்லை, அதனால் மூடவில்லை. சங்கிலிப்பூதம் வெள்ளிக்கிழமை வந்து, வாசலில் கால் வைத்து, இடுப்பு வரைக்கும் உள்ளே போனார். நிமிர்ந்து பார்த்தார். மேலே கட்டம் போட்ட முகம், ஏறின புருவம்.

"பரவாயில்ல, அடி ஒண்ணும் படல" என்றார். "பொண்ணுக்கு முப்பது வயசு."

கொம்பையா பார்த்தான்.

"முப்பத்திநாலு."

புருவம் இறங்கவில்லை. அது இறங்க இன்னும் எட்டு நாள் இருந்தது.

"சரிப்பா, முப்பத்தெட்டு. கொடுத்தனுப்பின முறுக்கு நான் சுட்டது. போட்டோவுல இருக்கது அவ தங்கச்சி."

சொல்லி முடித்ததும் மனுஷனுக்கு மனசு லேசாகிவிட்டது. இப்படி ஆளை அளந்து பார்க்கிற மாப்பிள்ளை தன் வம்சத்துக்கே வாய்த்ததில்லை என்று, குழிக்குள் நின்றபடியே எட்டாம் நாள் கல்யாணம் என்று நாள் குறித்தார். ஒரே ஒரு நிபந்தனை. "மணவறையில இதே மூஞ்சிதான் உக்காரணும். எங்க பக்கம் ஆள் மாத்துற பழக்கம் உண்டு. அதனால கேக்கேன்."

கல்யாணத்தன்று காலையில் புருவம் இறங்கிவிட்டது. சமமான, அழகான முகம். மூணு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

"விரலால தூக்கிப் பிடிச்சுக்கிடுவோமா?" என்றான் உச்சிமாகாளி.

"கூறுகெட்டவனே, கையால தொடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கல்ல."

கெட்டிமேளம் முழங்கக் கொம்பையா தாலி கட்டினான். பின்னால் நின்று பூவலிங்கம், சோத்துப்பானை இறக்குகிற இடுக்கியால் அந்தப் புருவத்தைக் கவ்வித் தூக்கிப் பிடித்திருந்தான்.

சங்கிலிப்பூதம் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"அதே ஆள்தான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.