தாணுலிங்கத்தின் குரல்

நாகர்கோவில் வடசேரியில் ஜெசிந்தா சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள். பழுதான ஹார்டு டிஸ்க்கில் சிக்கிக்கொண்டதை மீட்டுத் தருவது அவள் தொழில். டெலிபோன் ஆபீஸில் ஓய்வுபெற்ற சுயம்பு, அறுபது வயதில் அவளிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஆனாலும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலையில் ஜெசிந்தா வெளியே போயிருந்தபோது ஒரு கணவனும் மனைவியும் ஒரு ஹார்டு டிஸ்க்கோடு வந்தார்கள். கணவர் தாணுலிங்கம், கபடிப் போட்டிகளில் மைக் பிடித்து வர்ணனை சொன்னவர். தொண்டையில் புற்றுநோய் வந்து, மூன்று வருடத்துக்கு முன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மனைவி சுசீலாதான் பேசினாள்.

"இவரு வர்ணனை எல்லாம் இதுலதான் இருக்கு. எல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு போதும். மக பொறந்த அன்னைக்கு இவரு கபடி கிரவுண்டுல நின்னாரு. போன்ல சேதி வந்ததும் மைக்கிலேயே சொல்லிட்டாரு. அது இதுக்குள்ள இருக்கு. மகளுக்கு இப்ப நாலு வயசு. அப்பா குரல் எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியாது."

சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். தாணுலிங்கம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுயம்புவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிஸ்க்கை மாட்டி நேராக அந்தப் பதிவுக்குப் போனார். திறக்கவில்லை. மறுபடி மாட்டினார். ஆறாவது தடவை டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. ஏழாவது தடவையும் போட்டார்.

உள்ளே வந்த ஜெசிந்தா ஒயரைப் பிடுங்கினாள்.

"நாலு நாள் கழிச்சு வாங்கம்மா. கிடைக்கும்னு உறுதியாச் சொல்ல மாட்டேன்," என்று அவர்களை அனுப்பிவைத்தாள்.

டிஸ்க் ஆறும்வரை அதைத் தொடவில்லை. பிறகு, சிரமமில்லாமல் படிக்க முடிந்த இடங்களை மட்டும் பிரதி எடுத்தாள். திணறிய இடங்களைத் தாண்டிப் போனாள்.

"அவங்க கேட்டது அந்த ஒண்ணைத்தானே டீச்சர்? அதை விட்டுட்டுப் போறீங்களே?"

"இப்ப அங்க போனா இது செத்துரும் அண்ணாச்சி. தர்றதை முதல்ல வாங்கிக்குவோம்."

மூன்று நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களின் வர்ணனை கிடைத்தது. நாலாம் நாள் அந்தப் பழுதான இடத்துக்கு ஒரே ஒரு முறை, மெதுவாகப் போனாள். கொஞ்சம் வந்தது. அதோடு டிஸ்க் நின்றது. பிறகு சுற்றவே இல்லை.

அவர்கள் வந்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டுத்தான் ஜெசிந்தா பதிவைப் போட்டாள். கூட்டத்தின் இரைச்சல். விசில். அதற்கெல்லாம் மேலே ஒரு கணீர்க் குரல்: "ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா! எனக்கு மக பொற..."

அவ்வளவுதான்.

தாணுலிங்கத்தின் உதடுகள் அசைந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த சுசீலா சத்தமாகச் சொன்னாள்: "...பொறந்திருக்கா! எல்லாரும் கை தட்டுங்க!"

தாணுலிங்கம் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் மட்டும் வரவில்லை. சுசீலா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு சுயம்பு ஒயரைச் சுருட்டி வைத்தார்.

"அன்னைக்கு நான் ஏழு தடவை போட்டேன் டீச்சர். போடாம இருந்தா முழுசும் கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்கலாம்."

"அந்தம்மா அழுததைப் பாத்ததும் கை நிக்கல. இனிமே யாரு அழுதாலும் பாக்காம இருக்கப் பழகணும்."

"பாருங்க அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா. "நல்லாப் பாருங்க. பாத்து முடிச்ச பொறகு ஸ்விட்சைத் தொடுங்க."