உடையாத அரக்கு முத்திரை

மணற்பாடி அரண்மனையில் ராஜா உண்டு, யானை உண்டு, விரல் நுனியில் குத்தி சுகர் பார்க்கும் மெஷினும் உண்டு. அந்தக் காலத்தில் அது ஏது என்று கேட்பவர்கள் எழுந்து போகலாம். கதை என்னுடையது.

படையில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. அவர்களுக்காகக் கோதண்டவர்ம ராஜா, ரத்தத்தைத் தொட்டு அந்த மெஷினில் செருகும் ஸ்ட்ரிப் நூறு பெட்டி வரவழைத்தார். பண்டகசாலைத் தலைவர் சபாநாயகம் அத்தனை பெட்டிக்கும் அரக்கு முத்திரை வைத்து உள்ளே பூட்டிவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை ராஜா படையைப் பார்வையிட வருவார். அன்றைக்கு எல்லாச் சாமானும் முத்திரை உடையாமல் பளபளவென்று அடுக்கியிருக்க வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். போன வருஷம் ராஜாவே "சபாஷ்!" என்று அவர் முதுகில் தட்டியிருந்தார்.

ஒருநாள் கோட்டை வாசல் காவலன் ஒச்சப்பன் நின்ற இடத்திலேயே சரிந்தான். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தான், சாப்பாடு வரவில்லை. படை மருத்துவர் ஓடிப்போய் ஒரு ஸ்ட்ரிப் கேட்டார்.

"ஐயையோ, முத்திரை உடைஞ்சிடுமே!" என்றார் சபாநாயகம்.

வெல்லத் தண்ணீர் கொடுத்து ஆளைப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்தவனை விசாரணைக்கு நிறுத்தினார்கள்.

"காவலில் தூங்கினான் மகாராஜா. நாடு கடத்த வேண்டும்" என்றார் சபாநாயகம்.

"சத்தியமா தூங்கலைங்க! சர்க்கரை குறைஞ்சுபோச்சு."

"அத்தாட்சி?" என்றார் ராஜா.

அத்தாட்சி பெட்டிக்குள் இருந்தது. நாளைக் காலையில் குடும்பத்தோடு எல்லையைத் தாண்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஒச்சப்பனின் நான்கு பெண்களும் அரண்மனை வாசலில் நின்று அழுததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சபையில் சொக்கேசன் என்று ஒருவன். சாதுர்யத்துக்கென்றே சம்பளம் வாங்குகிறவன். அவன் நேரே சமையல்கட்டுக்குப் போனான்.

ராஜாவுக்கும் சர்க்கரை உண்டு. அன்று மத்தியானம் வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் சபாநாயகம். பாத்திரங்கள் வந்தன. ஒவ்வொன்றின் மூடியிலும் அரக்கு முத்திரை.

"என்னடா இது?"

"அடுத்து சமையல்கட்டையும் பார்வையிடுவீர்களாம் மகாராஜா. உடைத்தால் அழகு போய்விடும்" என்றான் சொக்கேசன்.

ராஜா சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. நெற்றி வியர்த்தது, கை நடுங்கியது, தலை தொங்கியது.

சொக்கேசன் சபாநாயகத்தின் பக்கம் திரும்பினான். "ஐயா, மகாராஜா பந்தியில் தூங்குகிறார். நாடு கடத்த எந்த வாசல் வசதி?"

"தூங்கலைடா பாவி! சர்க்கரை குறையுது!" என்றார் ராஜா.

"அத்தாட்சி?"

"உடைங்கடா பெட்டியை!"

உடைத்தார்கள். மெஷின் ஐம்பத்தெட்டு காட்டியது; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. தூணுக்குப் பின்னால் பானகச் செம்போடு மருத்துவர் தயாராக நின்றிருந்தார். ராஜா ஒரே மடக்கில் குடித்தார்.

செம்பைக் கீழே வைத்தார். பிறகு, "ஒச்சப்பனுக்கு நான் செய்தது தப்பு. மறுபடி காவலுக்கு வரச் சொல்லுங்கள். இடுப்பில் கத்தியோடு ஒரு மெஷினும் இருக்கட்டும்" என்றார். சொக்கேசனைப் பார்த்தார், தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

சபாநாயகம் மட்டும் உடைந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"ஒரு ஸ்ட்ரிப் குறையுதே! பார்வையிடும்போது மகாராஜா கேட்டா நான் என்னத்தைச் சொல்வேன்?"

"ஒன்று குறைந்ததால்தான், கேட்பதற்கு மகாராஜா மிச்சமிருக்கிறார் என்று சொல்லும்" என்றான் சொக்கேசன்.