பாறையோடு வரைந்த பூ

படம் நன்றாக வந்தது. செடி போய்விட்டது.

ஞானாபரணம் செடிகளை மட்டுமே வரைகிற ஓவியர். பாளையங்கோட்டைக்காரர். ஒரு கல்லூரியில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கிறார்கள். அந்தப் பழைய தாள்களைப் பார்த்துத்தான் வரைவார். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைத் தாளில் செடி மட்டும். பின்னால் ஒன்றும் கூடாது.

நூற்றிருபது வருடத்துத் தாள் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. காட்டு ஆர்க்கிட். பூ புளியங்கொட்டை நிறமாகிக் கிடந்தது. நிறத்தை எழுதியிருந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. செடி கிடைத்த இடத்தின் பெயர்மேல் செடித் திருடர்களுக்குத் தெரியக்கூடாதென்று காப்பாளர் லூர்தம்மாள் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். நிறத்தை நேரில் பார்த்தாக வேண்டும் என்று ஞானாபரணம் இரண்டு மாதம் நச்சரித்தார். அந்தம்மா காகிதத்தைப் பிரித்தார்.

அடியில் ஒரு மலையின் பெயர் இருந்தது. அங்கே வழி தெரிந்தவர் அந்த மலைவாசி ஈச்சன் காணி. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் கூட்டிப்போனார். இரண்டாகப் பிளந்த ஒரு பாறை. அதன் அடியில் பதினோரு செடிகள். பக்கத்தில் ஈரமண்ணோடு ஒரு குழி. பன்றி கிண்டியிருக்கும் என்றார் ஈச்சன்.

"எடத்த மட்டும் யாருக்கும் சொல்லிராதீக, சார்."

"என் வாயிலேர்ந்து வராது."

வரவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து வரைந்தபோது பூ அநாதையாக நிற்பதுபோல் அவருக்குப் பட்டது. பின்னால் அந்தப் பாறையைப் போட்டார், பிளவோடு. சென்னைக் கண்காட்சியில் செடி வியாபாரி ஒருவன் பார்த்தான். அவனுக்கு அந்த மலை அத்துபடி.

செடிகள் களவு போன சேதி வந்து மூவரும் ஏறிப் போனார்கள். ஒன்றுகூட மிச்சமில்லை. காகிதத்தைப் பிரித்தது தான்தானே என்று லூர்தம்மாள் அழுதார். கூட்டிவந்தது தன் தப்பு என்றார் ஈச்சன்.

"நான் யார்கிட்டயும் சொல்லலியே" என்றார் ஞானாபரணம். சொன்ன பிறகு அவருக்கே கூசியது.

நீங்கள் சொல்லுங்கள். பிழை யாருடையது? செடி அடியோடு அழிந்துதான் போனதா?

விடை: பிழை ஞானாபரணத்துடையது. மற்ற இருவரும் அவரை நம்பினார்கள், அவ்வளவுதான். வெள்ளைத் தாள் வழக்கத்தை விடாமல் இருந்திருந்தால் போதும். வாயைக் காத்தவர் கையைக் காக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். அதன்பின் அவர் எதையும் கண்காட்சிக்குக் கொடுக்கவில்லை.

செடி அழியவில்லை. பன்றி பன்னிரண்டில் ஒன்றை மட்டும் கிண்டிவிட்டுப் போகாது. நான்கு மழைக்காலம் கழித்து லூர்தம்மாள் மேசைக்குப் பழைய செய்தித்தாளில் மடித்த பூ ஒன்று வந்தது. கிள்ளிக் கொடுக்கும் அளவுக்கு எங்கோ பெருகியிருக்கிறது. எங்கே என்று கேட்க ஞானாபரணத்துக்கு வாய் வரவில்லை. அந்நியரைக் கூட்டிப்போவதற்கு முந்தின சாயங்காலமே ஒரு கிழங்கைத் தோண்டி வேறிடத்தில் நட்டவர் ஈச்சன் காணி.