திரை நடுவே கோடு விழுந்த கதை

அந்தக் காலத்தில் கணினிக்குள் இருந்த எல்லாருக்கும் வாய் இருந்தது. ஆனால் திரையில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். நிரல் எழுதுவதற்கு எடிட்டர் வந்தால், எழுதியதை ஓட்டிக் காட்டும் ஷெல் பின்னால் போய்விட வேண்டும். ஷெல் வந்தால் எடிட்டர் போய்விடும். ஒன்றின் முகத்தை மற்றது பார்த்ததே இல்லை. இரண்டையும் பார்த்தது திரை மட்டும்தான். ஒருவர் சங்கதியை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்று அதற்கு ஒரு வீம்பு. நல்ல வீம்புதான், ஆபத்து வரும் வரைக்கும்.

ஒரு கடற்கரை ஊரில் ஜெசிந்தா என்றொருத்தி இருந்தாள். காற்றின் வேகத்தைப் பார்த்து, வள்ளங்கள் கடலுக்குப் போகலாமா என்று சொல்லும் நிரல் அவளுடையது. ஒரு மத்தியானம் அதில் தப்பு இருப்பதைக் கண்டாள். அன்று வீசிய பலத்த காற்றைக்கூட அது இளங்காற்று என்றது. எடிட்டரில் அந்த வரியைத் திருத்தினாள், ஷெல்லைக் கூப்பிட்டு ஓட்டினாள். "போகலாம்" என்றது ஷெல். மறுபடி திருத்தினாள். மறுபடியும் "போகலாம்".

கரையிலிருந்து அண்ணன் கித்தேரியான் போன் போட்டான். "என்ன புள்ள, வள்ளத்தத் தள்ளவா வேண்டாமா? எல்லாரும் நிக்காவ."

"செத்த பொறுண்ணே. இது என்ன சொல்லுதுன்னு எனக்கே வெளங்கல."

"நீ கம்ப்யூட்டர்கிட்ட கேட்டு முடிக்கதுக்குள்ள மீனெல்லாம் கொழும்புக்குப் போயிரும்" என்று சிரித்தான் அவன்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று பலம் என்ற தன் கணக்குதான் தப்போ என்று சந்தேகப்பட்டாள். 'சரி, போ' என்று சொல்ல வாயெடுத்தாள்.

திரைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மேலிருந்து கீழாகத் தன்னையே பிளந்துகொண்டது. வலித்தது, பொறுத்துக்கொண்டது. இடப்பக்கம் எடிட்டரும் வலப்பக்கம் ஷெல்லும் முதன்முதலாக ஒன்றையொன்று பார்த்தன.

"நீ எதை ஓட்டுகிறாய்? அது பழசு!" என்று பதறியது எடிட்டர்.

"சேமித்து வைத்ததைத்தானே நான் ஓட்ட முடியும்? புதுசு எங்கே?" என்றது ஷெல்.

"என் மடியில். சேமி என்று அவள் சொல்லவே இல்லையே!"

ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். சேமித்தாள், ஓட்டினாள். "போகாதே" என்றது ஷெல்.

"அண்ணே, வள்ளத்தக் கரையேத்து!" என்று போனில் கத்தினாள்.

சாயங்காலம் கடல் பொங்கித் துறைச் சுவரைத் தாண்டியது. அப்போது கித்தேரியான் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தான். அவன் தட்டில் ஜெசிந்தா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அன்று முதல்தான் நிரல் எழுதுகிறவர்கள் எடிட்டரையும் ஷெல்லையும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். நடுவில் ஒரு கோடு தெரிகிறதே, அந்தக் காயத்தைத் திரை இன்றுவரை ஆற விடவில்லை.